அம்மா அமெரிக்கா வந்து மார்ச்சுல அஞ்சு வருஷம் முடியுது: மெடிகேர் (65 தாண்டினவங்களுக்கான அரசு காப்பீடு) எடுக்கிறதா, இப்ப இருக்கிற பிளானே போதுமா?

எடிசன்_கயல்:
வணக்கம். நியூஜெர்சியில இருக்கோம். அம்மாவுக்கு 71 வயசு. அப்பா தவறினப்புறம் 2021 மார்ச்சுல கிரீன் கார்டுல வந்தாங்க. அன்னையிலேருந்து கெட் கவர்டு என்ஜேங்கிற மாநில இன்ஷூரன்ஸ் சந்தை மூலமா ஒரு பிளான். என் வரிக் கணக்குல அம்மா டிபென்டன்ட். அதனால பிரீமிய மானியத்துக்கு என் சம்பளம், என் கணவர் சம்பளம் ரெண்டையும் சேர்த்துதான் பார்க்குறாங்க. 2025 முடிஞ்சதோட அரசு கொடுத்துட்டிருந்த கூடுதல் மானியம் நின்னுபோச்சு. ஜனவரி பில் ஆயிரம் டாலரைத் தாண்டிடுச்சு.

அம்மாவுக்கு சர்க்கரை, பிரஷர், அதோட இதயத் துடிப்பு சீரா இல்லைன்னு எலிக்விஸ்ங்கிற, ரத்தம் உறையாம இருக்கிறதுக்கான மாத்திரை. டிடக்டிபிள், அதாவது பிளான் கொடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாம கட்ட வேண்டிய தொகை, முடியற வரைக்கும் எலிக்விஸ் முழுக்க கைக்காசு. போன வாரம் துணி மடிச்சு வைக்க அவங்க அலமாரியைத் திறந்தேன். தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு, விபூதிப் பொட்டலம் மாதிரி மடிச்சு வரிசையா அடுக்கியிருக்காங்க. பிரிச்சா, ஒவ்வொண்ணுலயும் பாதி மாத்திரை. "நமக்கு பாதியே போதும்டி, ஊர்ல டாக்டர் அப்படித்தான் சொல்வார்" அப்படின்னாங்க. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லலை.

ஒரு ஏஜென்ட் "மார்ச்லேருந்து மெடிகேர் ஃப்ரீ, உடனே அட்வான்டேஜ் பிளான் போட்டுடலாம்"ங்கிறார், அதாவது மெடிகேரைத் தனியார் கம்பெனி மூலமா எடுக்கிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ, இங்க வேலை பார்க்காதவங்களுக்கு மெடிகேரே கிடையாதுங்கிறாங்க. யார் சொல்றது சரி?

ட்ரென்டன்_தாத்தா:
ரெண்டு பேருமே பாதிதான் சொல்றாங்க, கயல். பணி ஓய்வுக்கப்புறம் நான் இங்க ஷிப் தன்னார்வலரா உட்கார்றேன். மெடிகேர் ஆலோசனைக்காகவே எல்லா மாநிலத்துலயும் இருக்கிற இலவச ஏற்பாடு அது. நாங்க எதையும் விக்கிறதில்லை, கமிஷனும் கிடையாது.

65 தாண்டின கிரீன் கார்டுக்காரங்க இங்க தொடர்ந்து அஞ்சு வருஷம் இருந்திருந்தா மெடிகேர்ல சேரலாம். வேலை பார்த்திருக்கணும்னு இல்லை. ஆனா ஃப்ரீ இல்லை. பார்ட் ஏ, அதாவது ஆஸ்பத்திரிச் செலவுக்கான பகுதி, சும்மா கிடைக்கணும்னா அவங்களோ கணவரோ இங்க 40 காலாண்டு, அதாவது பத்து வருஷம், வரி கட்டியிருக்கணும். ஊர்ல உழைச்ச வருஷமெல்லாம் இதுல சேராது. இல்லேன்னா 2026-ல பார்ட் ஏ மாசம் 565 டாலர், டாக்டர் செலவுக்கான பார்ட் பி 202.90. கூட்டினா 767.90. மருந்துக்கான பார்ட் டி தனி. சிலர் பி-யை மட்டும் எடுத்துட்டு மிச்சம் பிடிச்சதா நினைச்சுக்குவாங்க. ஆஸ்பத்திரியில படுத்தா பில் வர்றது ஏ பக்கம்தான். அட்வான்டேஜுக்கும், மெடிகேர் கொடுக்காம விடற மிச்சத்தைப் பார்த்துக்கிற மெடிகேப்புக்கும் ஏ, பி ரெண்டும் வேணும்.

சேர்றதுக்குக் கெடு ஏழு மாசம்: அஞ்சு வருஷம் நிறையற மாசம், அதுக்கு முன்னாடி மூணு, பின்னாடி மூணு. விட்டுட்டா பார்ட் பி-க்கு ஒவ்வொரு முழு வருஷத் தாமதத்துக்கும் பத்து சதவீதம் அபராதம், பி இருக்கிற வரைக்கும் கூடவே வரும். நடுவுல ஊருக்குப் போய் ரொம்ப நாள் தங்கினாங்களா? பாஸ்போர்ட் முத்திரையெல்லாம் பார்த்துத் தேதி எழுதி வையுங்க, "தொடர்ந்து"ங்கிற வார்த்தையில மாட்டினவங்களை நிறைய பார்த்திருக்கேன். மெடிகேர் தொடங்கற தேதி கடிதத்துல வர்ற வரைக்கும் பழைய பிளானை ரத்து பண்ணாதீங்க.

மருந்து விஷயத்துல நம்ம மாநிலம் தேவலாம். என்ஜே சேவ்னு ஒரே விண்ணப்பம், அதுலயே பாட்ங்கிற மாநில மருந்து உதவி கிடைக்குமான்னு பார்த்துடுவாங்க. சொத்து வரம்பு கிடையாது, அம்மாவோட வருமானத்தைத்தான் பார்ப்பாங்க. கிடைச்சா ஜெனரிக்குக்கு 5 டாலர், பிராண்டுக்கு 7. ஆனா பார்ட் டி-யில சேர்ந்திருக்கணும். சோஷியல் செக்யூரிட்டியில, பார்ட் டி செலவைக் குறைக்கிற எக்ஸ்ட்ரா ஹெல்ப்புக்கும் எழுதிப் போடுங்க. அப்பாவோட குடும்ப பென்ஷன் வந்தா அதைக் காட்டணும். உங்க வீட்டுல சாப்பிடறதும் தங்கறதும் வருமானமாகாது. குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான மெடிகெய்டு பக்கம் மட்டும் வேற கதை. நீங்க ஐ-864ங்கிற ஸ்பான்சர் உறுதிமொழியில கையெழுத்து போட்டிருப்பீங்க, அங்க ஸ்பான்சர் வருமானத்தையும் சேர்க்கச் சட்டத்துல இடமிருக்கு.

மாத்திரைக்காரி:
தாத்தா இன்ஷூரன்ஸ் பக்கம் சொல்லிட்டார். நான் ஃபார்மசிஸ்ட், அந்தப் பொட்டலத்தைப் பத்தித்தான் சொல்லணும். கயல், மார்ச் வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க. துடிப்பு சீரா இல்லாதவங்களுக்கு ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போயிடாம இருக்கத்தான் அந்த மாத்திரை. 5 மில்லிகிராமை 2.5 ஆக்கறதா வேண்டாமான்னு வயசு, எடை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டற அளவு) பார்த்து டாக்டர் முடிவு பண்ணுவார், அரிவாள்மணை இல்லை. விட்டதுக்கு ஈடா ஒரே வேளையில ரெண்டு போடவும் கூடாது.

ஊர்ல இதுக்கு ஜெனரிக் சல்லிசா கிடைக்குது, இங்க 2028-க்கு முன்னாடி வராது. ஒருவேளை அதான் அம்மாவுக்கு மனசு ஒப்பலையோ என்னவோ. இப்போதைக்கு மருந்துக் கம்பெனியோட கோபே கார்டு, அதாவது நம்ம பங்கைக் குறைக்கிற கார்டு, உங்க பிளானுக்குச் செல்லுமான்னு கேளுங்க, மெடிகேர் வந்ததும் அது செல்லாது. அப்போ பார்ட் டி-யில, பிளான் பட்டியல்ல உள்ள மருந்துக்கு 2026-ல கைக்காசு 2,100 டாலரைத் தாண்டாது. எலிக்விஸுக்கு மெடிகேர் பேசி முடிச்ச விலையே இந்த வருஷம் மாசத்துக்கு 231. ஊர்லேருந்து பையில கொண்டு வர்றது எதுவும் அந்த 2,100 கணக்குல சேராது.

எடிசன்_கயல்:
நன்றிக்கா, நன்றி தாத்தா. டாக்டர் ஆபீஸ்ல பேசிட்டேன், நாளைக்கே ரத்தப் பரிசோதனை. ஷிப்ல வியாழக்கிழமை நேரம் கொடுத்திருக்காங்க. பாஸ்போர்ட் பார்த்தேன், 2023-ல ரெண்டரை மாசம்தான் ஊர்ல இருந்திருக்காங்க.

பொட்டலத்தையெல்லாம் வாங்கி வச்சுட்டேன். அம்மா சண்டை போடலை. "அந்த 767 டாலர் நம்ம பணத்துல எவ்வளவுடி?"ன்னு மட்டும் கேட்டாங்க. நான் சமையலைப் பார்க்கப் போயிட்டேன்.

ட்ரென்டன்_தாத்தா:
ரெண்டரை மாசம் பெரிய விஷயமில்லை. தேதியை மட்டும் எழுதி எடுத்துட்டுப் போங்க. அம்மா கேட்ட கணக்கை எங்க வீட்டம்மாவுக்கு நான் இன்னும் சொல்லலை.