புதுப்பிப்பு: மிஸ்ஸிங்குக்குக் காரணம் டேப்பெட்தான்

போன மாதம் என் 2004 மாடல் பெட்ரோல் காரைப் பற்றிப் புலம்பியிருந்தேன்: சூடேறியதும் ஐடிலிங்கில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடுகையில்) குலுங்கும், ஸ்கேனரில் பி0302 என்ற கோடு, அதாவது இரண்டாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் விட்டுப்போகும் மிஸ்ஸிங்.

நீங்கள் சொன்னபடி அந்த சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (பிளக்கில் பொறி வர மின்சாரம் தருவது) மூன்றாவதில் மாட்டிப் பார்த்தேன். கோளாறும் கூடவே மூன்றாவதுக்கு மாறியிருந்தால் காயில்தான் குற்றவாளி, ஆனால் மாறவில்லை. பிளக், இன்ஜெக்டரை மாற்றியும் அதே 0302. புது பிளக் செட் தண்டச் செலவு.

அப்புறம்தான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், எவ்வளவு என்று பார்த்தோம். அதை முதலிலேயே செய்திருக்கலாம்! மற்ற மூன்றும் 170 பி.எஸ்.ஐ. பக்கம், இரண்டாவது மட்டும் 115. சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டும் ஏறவில்லை; பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து ஏறியிருக்கும். சரி, ரிங் இல்லை, வால்வுதான். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்தால் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதை அழுத்தும் டேப்பெட்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. வருடக்கணக்காக எல்.பி.ஜி.யில் ஓட்டியதில் வால்வு உட்காரும் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறிவிட்டது. சூட்டில் தண்டு நீண்டதும் முழுசாக மூடாமல் கசிந்திருக்கிறது.

டேப்பெட் இடைவெளியைச் செட் செய்ததும் கம்ப்ரஷன் 160. இதுவரை 600 கிலோமீட்டர், குலுக்கல் இல்லை. வால்வு விளிம்பு கருகியிருந்தால் இன்ஜின் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் மேல் பகுதி) கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக் அண்ணன். 1,000 ஆனதும் மறுபடி கம்ப்ரஷன் பார்க்கிறோம்.