மரக் கிட் வீடு: நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கட்டியவர்கள், கட்டிப் பட்டவர்கள் வாங்க

தளி ரோட்டுக்காரன்

அளவாக அறுத்து, ஓட்டை போட்டு, கட்டுக்கட்டாக வரும் மரத்தை நம்ம இடத்தில் கோர்ப்பதுதான் கிட் வீடு. கண்டெய்னர் ஊருக்குள் வராமல் புளியமரத்தடியில் நின்றது, டிராக்டரில் மாற்றி ஏற்றியது, கட்டு மாறிப்போனது எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வீடு 24க்கு 32. கடக்கால் போட்டது எங்கள் ஊர் மேஸ்திரி. எங்கள் வீட்டில் எந்தச் சுவர் எழும்பினாலும் இருபது வருஷமாக அவர்தான். "மூலைமட்டம் பார்த்துட்டீங்களா?" என்று கேட்டேன். "அரை இஞ்சு முன்னப்பின்ன இருந்தா பூச்சுல சரி பண்ணிக்கலாம் சார்" என்றார். நானும் தலையாட்டினேன். பூச்சே இல்லாத வீடு இது என்பது அப்போது எனக்கும் உறைக்கவில்லை.

சுவருக்கு அடியில் வரும் அடிச்சட்டம் வைக்கும் நாள். முதல் இரண்டு மூலை கச்சிதம். மூன்றாவது மூலையில் பேஸ்மட்டம் மூணு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலாவது மூலைக்கு வந்தால் சட்டம் மூணு விரல் அந்தரத்தில் நிற்கிறது. அடியில் ஒன்றுமே இல்லை. ஆசாரி பேசாமல் டேப்பை எடுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்தார். குறுக்கே பிடித்தோம். 40 அடி 2 இஞ்சு. அடுத்த குறுக்கு 39 அடி 10 இஞ்சு. 24, 32 என்றால் குறுக்கே இரண்டு பக்கமும் 40 வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த 3, 4, 5 கணக்குத்தான்.

மேஸ்திரி காதில் செருகியிருந்த பீடியை எடுத்தார், பற்ற வைக்காமல் திரும்பச் செருகிக்கொண்டார். "சட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமே?" என்றார். "சட்டத்தைத் தள்ளினா சுவரு, ஜன்னலு, கூரை எல்லாம் கூடவே தள்ளணுங்க. ஓட்டையெல்லாம் அங்கயே போட்டுல்ல அனுப்பியிருக்கான்" என்றார் ஆசாரி.

கம்பி துளைத்து இறக்கி, ஒட்டுக் காங்கிரீட் போட்டு, அது இறுக மூணு வாரம். ஐப்பசி மழையில் மரம் முழுக்கத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இப்போது வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் திண்டு அப்படியே இருக்கிறது. அதில் தண்ணீர் நிற்கும், பக்கத்திலேயே சட்டம். இப்போதும் மழை விட்டதும் முதலில் அங்கேதான் போய்க் குனிந்து பார்க்கிறேன்.

அரூர் செம்மண்

உங்களுக்கு மூலை, எனக்குச் செல்லு, அதாவது கரையான்.

கரையான் மருந்து முறையாக அடித்தேன். கடக்கால் தோண்டும்போது ஒரு தடவை, மண் நிரப்பி ஒரு தடவை, சுற்றிலும் ஒரு தடவை. ரசீதுகூட இருக்கிறது. மூன்றாம் வருஷம் மார்ச் மாதம், துணி அலமாரிக்குள் குடை எடுக்கக் கை விட்டேன். சுவர்ப் பலகையில் விரல் முட்டி பட்டது. மரத்தில் தட்டினால் வரும் சத்தம் இல்லை. பழைய அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி 'பொத்' என்றது. கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. மேலே அடித்த பாலிஷ் மட்டும் தோல் மாதிரி நிற்கிறது, உள்ளே மண்.

எப்படி ஏறியது என்று தேடியபோதுதான் தெரிந்தது. மருந்து அடித்துமுடித்த அப்புறம் பாத்ரூம் பைப்புக்கு பிளம்பர் குழி தோண்டினார். மருந்து பட்ட மண்ணை வெளியே வாரிப்போட்டு, குழி மூடும்போது வேறு மண்ணைத் தள்ளிவிட்டார். அந்த ஒன்றரை அடி அகலத்தில் மருந்தே இல்லை. பைப்பைப் பிடித்துக்கொண்டே பென்சில் தடிமனில் மண்குழாய் கட்டி நேராக மேலே வந்திருக்கிறது. வாசல் மாதிரி.

இரண்டு பலகையும் ஒரு நிலைக்காலும் மாற்றியாச்சு. ஆனால் எங்கே போனாலும் மரச் சுவரைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. போன மாசம் சம்பந்தி வீட்டுப் பூஜையறைக் கதவைத் தட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாந்தோப்பு, போச்சம்பள்ளி

நான் கட்டவில்லை. மச்சான் தோப்பில் கட்டினான், அதில் ஒரு ராத்திரி படுத்தேன். பன்னிரண்டு மணிக்கு மேல் கூரையில் 'டக்... டக்' என்று யாரோ நடக்கிற மாதிரி. டார்ச் எடுத்துக்கொண்டு சுற்றி வந்தேன், ஒருத்தரும் இல்லை. பகல் வெயிலில் காய்ந்த மரம் ராத்திரி குளிரும்போது அப்படித்தான் பேசும் என்று காலையில் மச்சான் சிரித்தான். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே எல்லோரும் மேஸ்திரியையும் பிளம்பரையும் திட்டுகிறீர்கள். கிட் என்றால் என்ன என்று தெரியாமல் வாங்குவதுதான் முதல் தப்பு. அமெரிக்காவில் சியர்ஸ் கம்பெனி 1908லிருந்து 1940 வரை பட்டியலைத் தபாலில் அனுப்பி, வீட்டை ரயிலில் அனுப்பியது. சுமார் 70,000 வீடு. வாங்கினவன் புத்தகத்தைப் பார்த்துத் தானே கோர்த்தான். படிக்கத் தெரிந்தால் போதும், ஆசாரிகூட வேண்டாம்.

கட்டப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பைன் மரம் என்றால் என்ன மருந்து ஏற்றியது என்று கேளுங்கள். நியூசிலாந்துப் பைன் என்றால் முத்திரையில் எச்3, எச்4, எச்5 என்று இருக்கும். வெளியே மழை வெயில் படும், ஆனால் தரையில் படாது என்றால் எச்3 போதும். மண்ணில் நடுகிற கட்டைக்கு எச்4, பாரம் தாங்குகிற கால் என்றால் எச்5. எச்3 மரத்தை மண்ணில் நட்டுவிட்டு அப்புறம் அழக்கூடாது. மருந்து ஏற்றிய மரத்தை வெட்டினாலோ துளைத்தாலோ அந்த முனையில் திரும்ப மருந்து தடவ வேண்டும். உள்ளே நடுக்கட்டை வரைக்கும் மருந்து போயிருக்காது.

அடுத்தது, மரம் நீளவாக்கில் சுருங்குவது இல்லை என்றே சொல்லலாம், அகலவாக்கில்தான் சுருங்கும். கட்டைமேல் கட்டை அடுக்கிய சுவர் என்றால் முதல் இரண்டு கோடையில் மொத்தச் சுவரும் இறங்கும். அதற்காகத்தான் ஜன்னல் நிலைக்கு மேலே இடைவெளி விட்டு அனுப்புகிறான். எங்கள் பக்கத்தில் ஒரு புண்ணியவான் பல்லி வருகிறது என்று அந்த இடைவெளியைச் சிமென்ட் வைத்து அடைத்தான். சித்திரையில் ஜன்னல் ஒன்றும் திறக்கவில்லை.

கடக்காலே எதற்கு என்கிறேன். நம்ம ஊரில் வேலிக்கே கல்லுக்கால் நடுகிறோம். பர்கூர்ப் பக்கம் கருங்கல்லுக்கா பஞ்சம்? ஒன்றரை அடி கல்லுக்கால் தரைக்கு மேலே தெரிய நட்டு, தலையில் துத்தநாகத் தகட்டைத் தொப்பி மாதிரி மடித்து வைத்து, அதன்மேல் சட்டம் வையுங்கள். கரையான் தகட்டைச் சுற்றி வெளியே வந்துதான் ஏற முடியும், அப்போது மண்குழாய் கண்ணுக்குத் தெரியும். குனிந்து பார்க்க இடமும் இருக்கும். அரூர்க்காரர் மாதிரி அலமாரிக்குள் கைவிட்டுக் கண்டுபிடிக்க வேண்டாம்.

அரூர் செம்மண்

ஒரு ராத்திரி படுத்ததற்கு இவ்வளவா அண்ணே?

ஆசாரி மகள்

'ஆசாரிகூட வேண்டாம்' என்றதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இல்லையென்றால் எழுதியிருக்க மாட்டேன்.

என் அப்பா சூளகிரிப் பக்கம் ஒரு கிட் வீடு கோர்க்கப் போனார். அறுபத்திரண்டு வயது. நாள் கூலி. புத்தகம் இங்கிலீஷில், வந்த மேற்பார்வைக்காரர் கன்னடம், கூட வேலை செய்த பையன்கள் தெலுங்கு. அப்பா புத்தகத்தைத் திறக்கவே இல்லை. முதல் நாள் முழுக்கக் கட்டைப் பிரித்து, பலகை பலகையாகக் காடியை, அதாவது கோர்க்கிற பள்ளத்தை, தடவிப் பார்த்தார். பார்த்துச் சுண்ணாம்புக் கட்டியால் க, உ, ங, ச என்று அவருக்கான பழைய தமிழ் எண்ணைப் போட்டார். சாப்பாடு கொண்டுபோன நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே இரண்டு பலகையைத் தனியே எடுத்து வைத்து, "இது ரெண்டும் இந்தச் சுவருக்கு இல்லம்மா, காடி எதிர்ப்பக்கம் இருக்குது. ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டாங்க" என்றார். மேற்பார்வைக்காரர் ஸ்டிக்கரைக் காட்டி, அதில் போட்டிருக்கிற மாதிரியே கோர்க்கச் சொன்னார். அப்பா கோர்த்தார்.

ஏழாம் நாள் அந்தச் சுவர் எதிர்ச்சுவரோடு சேரவில்லை. மேலே போட்ட பதினோரு வரிசையையும் கழற்ற வேண்டியதாயிற்று. ரப்பர் சுத்தியலால் ஒவ்வொரு பலகையாக, காடிக்குள் போகும் நாக்கு உடையாமல், அடியிலிருந்து தட்டித் தட்டி எடுத்தார். சாயங்காலம் வரைக்கும் அதே 'தொப், தொப்'. "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்காரர் அப்புறம் வீடியோ போட்டார். 'பன்னிரண்டே நாளில் வீடு, கொத்தனார் இல்லை, ஆசாரி இல்லை' என்று தலைப்பு. வீடியோவில் ஓர் இடத்தில் அப்பா கை மட்டும் வருகிறது. சுண்ணாம்பு எண்ணும் தெரிகிறது, ச.

மாந்தோப்பு அண்ணாவுக்கு ஒன்று. வீட்டைப் பிரித்துக் கொண்டுபோய்க் கோர்ப்பது அமெரிக்கா கண்டுபிடித்ததில்லை. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் தக்‌ஷிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். கேரளத்து மரவீட்டைப் பிரித்து ஏற்றிவந்து அங்கே எழுப்பியிருக்கிறார்கள். புத்தகம் பார்த்துக் கட்டிய வீடு இல்லை அது.

மாந்தோப்பு, போச்சம்பள்ளி

தங்கச்சி, உங்க அப்பாவைச் சொல்லவில்லை. கிட்டைச் சொன்னேன். சரி, அந்த வரியை விட்டுவிடுங்கள்.

அஞ்செட்டி

எல்லோரும் என்னிடம் கேட்கிற ஒரே கேள்வி, யானை வந்தால்? வந்தது. ராகி அறுப்பு சமயம். நாலு மூட்டை ராகியைப் பின்னறையில் வைத்தது என் தப்பு. பலகைச் சுவரை முட்டவில்லை, தும்பிக்கையால் ஒரு பலகையின் நுனியைப் பிடித்து உரித்தது. வாழைப்பட்டை உரிக்கிற மாதிரி. ஆணி ஒவ்வொன்றாகக் கழன்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பக்கத்து வீடு செங்கல், அதையும் போன வருஷம் இடித்தது. அதனால் மரத்தைக் குறை சொல்ல மாட்டேன். ராகியைத்தான் இப்போது வேறு இடத்தில் வைக்கிறேன்.

பென்னாகரம் ரோடு

என்னுடையது சின்ன விஷயம். வீட்டு வரி போட ஆள் வந்தார். கூரை வீடா, ஓட்டு வீடா, காங்கிரீட் வீடா என்று கேட்டார். மர வீடுங்க என்றேன். பேனா அப்படியே நின்றது. சுவரைத் தட்டினார், சுற்றி வந்து பின்பக்கமும் தட்டினார் (அரூர்க்காரர் நினைவு வருகிறது). "பெட்டிக்கடை மாதிரி தூக்கிட்டுப் போயிட முடியுங்களா?" என்றார். முடியாது, போல்ட் போட்டு இறுக்கியிருக்கு என்றேன். கூரையைப் பார்த்தார், மங்களூர் ஓடு. முகம் தெளிந்தது. 'ஓட்டு வீடு' என்று எழுதிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். வங்கியில் கடன் கேட்டபோது இவ்வளவு சுலபமாக ஓட்டைப் பார்த்து முடிக்கவில்லை. அது வேறு கதை, எழுதினால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும்.

வத்தல்மலை அடிவாரம்

மாந்தோப்பு அண்ணா மருந்து ஏற்றிய மரம் பற்றி எழுதியதைப் படித்ததும் தூக்கம் வரவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்களுக்கு வந்த கால்கட்டைகள் லேசாகப் பச்சை ஓடியவை. குரோமியம், செம்பு, ஆர்சனிக் சேர்ந்த மருந்து, அந்தப் பச்சை செம்பினால் வருவது. கரையான் கிட்டே வராது, அதனால்தான் வாங்கினோம். வெட்டியதில் துண்டுதுண்டாக ஒரு குவியல் மிச்சம். ஓரமாகப் போட்டு வைத்திருந்தோம், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

காவலுக்கு இருந்தவர் குடும்பத்தோடு ஷெட்டில் தங்கியிருந்தார். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் போனேன். அவர் மனைவி களி கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் அந்தத் துண்டுகள். "நல்லா நின்னு எரியுதுக்கா, புகையும் அதிகமில்ல" என்றார். சின்னவன் அடுப்புப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். கத்தியே விட்டேன். அடுப்பை அணைக்கச் சொல்லி, பாத்திரத்தோடு களியைக் கொட்டச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு நான் ஏதோ விறகுக்குக் கணக்குப் பார்க்கிறேன் என்றுதான் பட்டது. முகம் சுண்டிப்போனது. "கேட்டுட்டு எடுத்திருக்கணும், தப்புதான்" என்றார். அதில்லை, இது விஷம், எரித்தால் புகையிலும் சாம்பலிலும் அது இருக்கும் என்று விளக்கினேன். நம்பினாரா தெரியவில்லை. மரம்தானே, என்ன விஷம் என்று பார்த்தார்.

மிச்சத் துண்டுகளை மூட்டை கட்டினேன். அடுப்பிலிருந்த சாம்பலையும் வாரச் சொன்னேன். "இதுல கொஞ்சந்தாங்கா இருக்கு" என்று ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒரு பழைய பெயின்ட் டப்பா நிறைய, சலித்து வைத்த சாம்பல். மேலே ஒரு தேங்காய் நார். பாத்திரம் தேய்க்க.