தமிழ் மீடியம் பசங்களுக்கு எஸ்-வி-ஓ-சி-ஏ எப்படி புரிய வைக்கறது?

டியூஷன்_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். எட்டாவது ஒன்பதாவது தமிழ் மீடியம் பசங்களுக்கு சாயந்திரம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கறேன். சென்டன்ஸ் பேட்டர்ன், அதாவது வாக்கியத்த சப்ஜெக்ட் (எஸ்), வெர்ப் (வி), ஆப்ஜெக்ட் (ஓ), யாரு என்னன்னு சொல்ற காம்ப்ளிமென்ட் (சி), எங்கே எப்போ எப்படின்னு சொல்ற அட்ஜங்ட் (ஏ)னு பிரிக்கறது வந்தாலே, மொத வார்த்தை எஸ், ரெண்டாவது வி, மூணாவது ஓன்னு வரிசையா போட்டுட்டு போறாங்க. 'ஷீ மெட் எ டாக்டர்', 'ஷீ பிகேம் எ டாக்டர்' ரெண்டுக்குமே எஸ்விஓ தான் போடறாங்க, ரெண்டாவது எஸ்விசின்னு சொன்னா ஏன் டீச்சர்னு கேக்கறாங்க, நியாயமான கேள்விதான். டெஃபனிஷன் எல்லாம் கடகடன்னு ஒப்பிக்கறாங்க, புது வாக்கியம் குடுத்தா முழிக்கறாங்க. எழுதச் சொன்னா 'மை ஃபாதர் ஃபார்மர்'னு இஸ் இல்லாமலே வருது. நல்லா படிக்கிற பசங்க, இது புரியாமலே பத்தாவது போயிடுவாங்களோன்னு கவலையா இருக்கு. தமிழ வச்சு சொல்லலாமா, கூடாதா?

கரும்பலகை:
தாராளமா சொல்லுங்க மேடம். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் தமிழ் பீரியட்லயே படிச்சிருக்காங்க, அத விட்டுட்டு புதுசா ஆரம்பிக்கறதுதான் கஷ்டம். போர்டுல 'பாம்பு முருகனை கடிச்சுது'ன்னு எழுதுங்க, கீழ 'முருகனை பாம்பு கடிச்சுது'ன்னு எழுதுங்க. ரெண்டும் ஒரே அர்த்தம், ஏன்னா அந்த 'ஐ' உருபு எங்க போனாலும் கூடவே போகுது. இப்போ 'த ஸ்னேக் பிட் முருகன்'ல இடத்த மாத்த சொல்லுங்க, முருகன் பாம்ப கடிச்சுடுவான்! இங்கிலீஷ்ல உருபோட வேலைய இடம் செய்யுதுன்னு அவங்களே சொல்லிடுவாங்க.

இஸ் விட்டுப் போறதுக்கும் காரணம் தமிழ்தான். 'எங்க அப்பா விவசாயி' நமக்கு முழு வாக்கியம், பெயர்ப் பயனிலைன்னு படிச்சிருப்பாங்க. இங்கிலீஷ்ல பெயர் மட்டும் பயனிலையா நிக்காது, ஒரு வெர்ப் கட்டாயம் வேணும். அவங்க கவனக்குறைவா எழுதலைங்க, தமிழ் இலக்கணப்படி சரியா எழுதறாங்க, அத முதல்ல அவங்ககிட்ட சொல்லிடுங்க, பயம் போயிடும்.

மதுரைக்காரன்:
டாக்டர் சந்தேகத்துக்கு ஈக்வல் குறி போட்டு பாக்க சொல்லுங்கக்கா. பிகேம்ல ஷீ = டாக்டர், ஒரே ஆள், அதனால சி. மெட்ல ரெண்டு வேற வேற ஆள், அதனால ஓ. இதே வழி பெரிய பேட்டர்னுக்கும் வரும், 'தே மேட் ஹிம் கேப்டன்'ல ஹிம் = கேப்டன், அது எஸ்விஓசி. 'தே கேவ் ஹிம் எ பென்'ல அவன் பேனா ஆக முடியாது இல்ல, அப்போ ஹிம் ஐஓ (இன்டைரக்ட் ஆப்ஜெக்ட், வாங்கிக்கறவன்), பென் டிஓ (டைரக்ட் ஆப்ஜெக்ட், குடுக்கற பொருள்). தமிழ்ல 'அவனுக்கு'ன்னு 'கு' வருதுல்ல, அதுதான் ஐஓ.

இலக்கணப்பிரியை:
தம்பி சொன்ன ஈக்வல் குறி அருமை, ஆனா 'கு' வந்தா ஐஓன்னு மட்டும் பழக்கிடாதீங்க. 'எனக்கு அவனை தெரியும்' இங்கிலீஷ்ல 'ஐ நோ ஹிம்', நம்ம 'எனக்கு' அங்க எஸ் ஆயிடுது. பசிக்குது, பிடிக்கும், வேணும் எல்லாமே இப்படித்தான், இத மட்டும் தனியா ஒரு நாள் எடுங்க. 'ஐ' உருபும் எப்பவும் வராது, 'புக் படிச்சேன்'னுதான பேசறோம், அங்க 'எதை'ன்னு கேட்டுத்தான் ஓவ கண்டுபிடிக்கணும்.

இன்னொண்ணு, 'எடுத்துட்டாலும் வாக்கியம் நின்னா அது ஏ'ன்னு நிறைய பேர் சொல்லித் தராங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 'ஹீ புட் த புக் ஆன் த டேபிள்'ல கடைசிய எடுத்தா வாக்கியம் தொங்கும், ஆனாலும் அது ஏ தான். எங்கே, எப்போ, எப்படின்னு கேக்கறதே போதும்.

டியூஷன்_அக்கா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பாம்பு உதாரணம் நாளைக்கே போடறேன். 'யெஸ்டர்டே கேம்'னு எஸ் இல்லாம எழுதறாங்களே, அதுவும் இதே கதைதானா?

கரும்பலகை:
அதேதான் மேடம். 'நேத்து வந்தேன்'ல '-ஏன்' வந்தது நான்தான்னு காட்டிடும், வெளிய சொல்லாத அந்த 'நான்'தான் தோன்றா எழுவாய். 'கேம்'ங்கறது ஐ, ஹீ, தே எல்லாத்துக்கும் ஒண்ணுதான், அதனால ஆள வெளிய சொல்லியே ஆகணும். வந்தேன், வந்தான், வந்தாங்க மூணையும் எழுதி பக்கத்துலயே இங்கிலீஷ்ல எழுத சொல்லுங்க. 'மழை பெய்யுது'வ அடுத்த கிளாஸ்க்கு வச்சுக்கோங்க, 'இட் இஸ் ரெயினிங்'ல அந்த இட் யாருன்னு கண்டிப்பா கேப்பாங்க.