நாள்பட்ட நொண்டல்: 14 வயதுக் குதிரைக்கு ஆபரேஷன் செய்வதா, ஊசி போட்டு அனுப்பிவிடுவதா?

கண்டனூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் ஒரு செவலைப் பெட்டைக் குதிரை இருக்கிறது, வயது 14. வண்டிப் பந்தயத்தில் நடுக்குதிரைப் பிரிவில் ஓடியது, இப்போது பந்தயம் எல்லாம் விட்டாச்சு, வீட்டோடு நிற்கிறது. போன ஐப்பசி மழைக்கு முன்பிருந்தே முன்னங்காலில் நொண்டல். முதலில் இடது கால் மட்டும்தான் என்று நினைத்து லாடத்தைக் கழற்றிப் பார்த்தோம், ஆணிக்குத்து இல்லை, சீழ் இல்லை. இப்போது பார்த்தால் இரண்டு காலிலும்தான் இருக்கிறது. கண்மாய்க்குள் மணலில் விட்டால் ஓரளவு நடக்கிறது, வீட்டுக்கு வரும் சரளைப் பாதையில் ஏறினவுடன் அடி சுருங்கிவிடுகிறது, வளைத்துத் திருப்பினால் தலையைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. நிற்கும்போது ஒரு காலை முன்னால் நீட்டி நுனியை மட்டும் ஊன்றுகிறது, கொஞ்ச நேரத்தில் மற்ற காலை நீட்டுகிறது. கழற்றிய லாடத்தில் முன்பக்கம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது, பின்பக்கம் அப்படியே இருக்கிறது.

வந்து பார்த்த ஒரு டாக்டர் நரம்பை வெட்டிவிட்டால் நொண்டாது என்றார். இன்னொருவர், இந்த வயதில் அதை ஏன் படுத்துகிறீர்கள், வலியில்லாமல் உயிர் போகிற ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள் என்றார். அப்பத்தா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்கிறது, அய்யனார் ஏறும் வாகனம், அதைக் கொன்ற வீடு விளங்காது என்று ஒரே அழுகை. இதற்கு நடுவில் ஒரு தரகர் வேறு வந்து விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். வலி ஊசி போட்டால் ரெண்டு மூணு நாள் நன்றாக நடக்கிறது, அப்புறம் பழையபடிதான். இந்த நிலையில் இருந்தவர்கள் யாராவது என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

வேப்பேரி மாணவன் (ஓய்வு):

தம்பி, ஆபரேஷனா ஊசியா என்பதற்கு முன்னால், வலி எந்த இடத்தில் என்று யாராவது உறுதி செய்தார்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. நுனி ஊன்றி நிற்பது, லாடத்தின் முன்பக்கத் தேய்வு, கெட்டித் தரையிலும் திருப்பத்திலும் கூடுவது, இதெல்லாம் குளம்பின் பின்பாதி வலியைக் காட்டுகிறது. அங்கே உள்ளே நாவிகுலர் என்று ஒரு சின்ன எலும்பு, அதை ஒட்டி ஒரு பெரிய தசைநாண் ஓடுகிறது. உழைத்த குதிரைகளுக்கு நடுவயதுக்கு மேல் இந்த இடம் கெடுவது வழக்கம்தான். ஆனால் காட்டுகிறது என்பது வேறு, நிரூபணம் வேறு.

நிரூபிக்க வழி இருக்கிறது. கணுவுக்குக் கீழே இரு பக்கமும் ஓடும் நரம்பின் மேல் கொஞ்சம் லிக்னோகெய்ன் போட்டு மரக்கச் செய்து, பத்து நிமிடம் கழித்து நடத்திப் பார்ப்பார்கள். வலி குளம்பின் பின்பக்கம்தான் என்றால் அந்தக் கால் நேராகிவிடும், உடனே மற்ற கால் நொண்டுவது பளிச்சென்று தெரியும். இரண்டு காலிலும் நோய் உள்ள குதிரையில் இது அடிக்கடி நடக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம். மரத்தும் நேராகவில்லை என்றால் வலி வேறு இடத்தில், அதற்கு அந்த நரம்பை வெட்டி ஒரு பயனும் இல்லை. இந்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் இல்லாமல் நரம்பை வெட்டலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவேளை லேமினைட்டிஸ், அதாவது குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிணைக்கும் சதை அழலும் நோய், என்றால் கதையே வேறு. அதில் குதிரை எடையைப் பின்னால் சாய்த்து நிற்கும், நுனியை ஊன்றாது, குதிகாலைத்தான் முதலில் வைக்கும். குளம்பு சூடாக இருக்கும், கணுவுக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி தடதடவென்று அடிக்கும். அதற்கு நரம்பு வெட்டுவது தவறு.

சரி, நாவிகுலர்தான் என்று உறுதியானால்? நரம்பு வெட்டுவதால் நோய் குணமாகாது, வலி தெரியாமல் போகும், அவ்வளவுதான். எலும்பு உள்ளே கெட்டுக்கொண்டேதான் இருக்கும். பல குதிரைகளுக்கு ஓரிரு வருடத்தில் நரம்பு மறுபடி வளர்ந்து நொண்டல் திரும்புகிறது, சிலவற்றுக்கு வெட்டிய முனையில் வலிக்கட்டி வரும். வலி தெரியவில்லை என்று ஓடவிட்டால் அந்தத் தசைநாண் அறுந்துபோகும், அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. முழு மயக்கம் கொடுத்தால் குதிரைக்கு ஆபத்து அதிகம், நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவையே நூற்றுக்கு ஒன்று அளவில் இறக்கின்றன, மயக்கம் தெளிந்து எழும்போது காலை முறித்துக்கொள்வதும் உண்டு. நிற்கவைத்தே செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

கொள்ளுப்பை:

அண்ணே, எங்கள் குதிரைக்கு நரம்பு வெட்டினோம். மேலே ஐயா சொன்னது சரி, நான் அதற்குப் பிந்தைய கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. குளம்பின் பின்பக்கம் உணர்ச்சி போய்விடுவதால் முள் ஏறினாலும் அதற்குத் தெரியாது. நம்ம பக்கம் சீமைக்கருவேல முள் எங்கே இல்லை? காலையும் மாலையும் நாலு காலையும் தூக்கி, குளம்புக்குள் சேர்ந்த மண்ணைக் கொக்கியால் சுரண்டி, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒருநாள் வெளியூர் போய்விட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் ஆகாது. எங்களுடையதில் ஒரு முள் உள்ளே ஒடிந்து சீழ் வைத்து, மேலே மயிர்க்கோட்டில் உடைந்து வந்த பிறகுதான் தெரிந்தது, அதுவரை அது நொண்டவே இல்லை. ஆனாலும் செய்ததற்கு நான் வருத்தப்படவில்லை. நிம்மதியாகப் படுத்து எழுந்து மேய்ந்தது. வீட்டில் தினமும் பார்க்க ஆள் இருந்தால் செய்யுங்கள், இல்லை என்றால் வேண்டாம்.

லாடக்காரர் மகன்:

கத்தி வைக்கும் முன் லாடத்தைச் சரி செய்து பாருங்கள். பந்தயக் குதிரைகளுக்கு நம்ம ஊரில் நுனியை நீளமாகவும் குதிகாலைத் தாழ்வாகவும் விட்டுவிடுகிறார்கள், அப்படி விட்டால் ஒவ்வோர் அடிக்கும் அந்தத் தசைநாண் எலும்பை அழுத்தும். எக்ஸ்ரே படத்தை லாடக்காரரிடம் காட்டி, நுனியைக் குறைத்து, குதிகாலைக் கொஞ்சம் தூக்கி, பின்பக்கம் மூடிய லாடம் அடிக்கச் சொல்லுங்கள். ரெண்டு மூணு லாடம் மாற்றும் காலம் பொறுத்துப் பார்க்கணும், ஒரே தடவையில் நுனியை வெட்டித் தள்ளக் கூடாது. உடம்பு பெருத்திருந்தால் கொள்ளைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். இது போதுமானால் ஆபரேஷனே தேவைப்படாது.

தேனம்மை:

ஊசி பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் பேசுகிறேன். தம்பி, உங்கள் அப்பத்தா அழுவதில் நியாயம் இருக்கிறது, புரவி எடுப்பு பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வார்த்தையே கூசும். ஆனால் வலியோடு நிற்கவைத்துக் கும்பிடுவதில் அய்யனாருக்கு என்ன மகிழ்ச்சி இருக்க முடியும்? அப்பத்தாவைக் கொட்டிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள். எவ்வளவு நேரம் படுத்தே கிடக்கிறது, எழ எத்தனை முறை முயல்கிறது, கண்ணுக்கு மேல் சதை இறுகி இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டிக்கு நடக்க யோசிக்கிறதா, வண்டிச் சத்தம் கேட்டால் முன்பு போலக் காதை நிமிர்த்துகிறதா, இதையெல்லாம் ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். நல்ல நாளைவிடக் கெட்ட நாள் அதிகமாகி, லாடம், மருந்து எதற்கும் மாறவில்லை என்றால் ஊசி பாவம் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். வலி மருந்தையே நம்பி வருடக்கணக்கில் ஓட்டவும் முடியாது, குடலில் புண் வரும், சிறுநீரகம் கெடும்.

செய்வதாக இருந்தால் முதலில் அமைதிப்படுத்தும் மருந்து, அப்புறம் மயக்க மருந்தை மிக அதிக அளவில் ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். விழும்போது பெரிய உடம்பு, கயிறு பிடிப்பவர் ஒதுங்க இடம் வேண்டும். குழியை முந்தின நாளே ஜேசிபி வைத்து ஆழமாக வெட்டிவிடுங்கள், கிணறு, கண்மாய் பக்கம் வேண்டாம். அந்த மருந்து உடம்பிலேயே தங்கும், நாய் தோண்டித் தின்றால் நாயும் சாகும்.

தரகருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். வலி ஊசி போட்டு நேராக நடக்கவைத்து எங்காவது கல்யாண ஊர்வலத்துக்கோ வண்டிக்கோ விற்பார்கள். நோயுள்ள பிராணியை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம், ஆனால் வாங்கினவன் கொட்டிலில் போய் யார் பார்ப்பது?

கண்டனூர்க்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வீட்டில் பேசிவிட்டோம், தரகருக்கு இல்லை என்று சொல்லியாச்சு. முதலில் ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் நரம்பு மரக்கும் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பார்ப்பது, அதன்படி லாடம், அதற்கும் அடங்காவிட்டால்தான் நரம்பு. தினமும் குளம்பு பார்க்கத் தம்பி இருக்கிறான். எதுவும் கைகொடுக்காவிட்டால் ஊசி, நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று அப்பத்தாவே சொல்லிவிட்டது, சரளைப் பாதையில் குதிரை நடக்கிறதை நேரில் பார்த்த பிறகு. ஒரு சந்தேகம், புதுக்கோட்டை வழியாக லாரியில் அவ்வளவு தூரம் நிற்குமா?

வேப்பேரி மாணவன் (ஓய்வு):

நிற்கும். போகும் முன் போன் செய்து, குதிரைக்கான எக்ஸ்ரே வசதியும் பார்க்கிற டாக்டரும் அன்றைக்கு இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு முன் எத்தனை நாள் வலி மருந்தை நிறுத்துவது என்றும் அவரிடமே கேளுங்கள், மருந்து உள்ளே இருந்தால் நொண்டல் மறைந்து ஒன்றும் தெரியாது. லாரித் தரையில் மணல் கொட்டி மேலே வைக்கோல் கனமாகப் போடுங்கள். முன்னங்கால் நோவுள்ள குதிரையை வால் டிரைவர் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள், பிரேக் போடும்போது பாரம் பின்னங்காலில் விழும். தலைக்கயிறு தளர்வாக இருக்கட்டும், வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.