பகுதிநேர வேலைச் சம்பளத்தால் கல்வி உதவித்தொகை நின்றுவிடுமா?

குடியாத்தம் மாணவர்:
வணக்கம். வேலூரில் அரசு கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கிறேன்; ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பெற்று வருகிறேன். அப்பா தோல் தொழிற்சாலையில் மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறார். அம்மா பீடி சுற்றி 3,000 ரூபாய் ஈட்டுகிறார். திருமணமாகாத அக்காவுக்கு ஷூ கம்பெனியில் 10,000 ரூபாய் சம்பளம். நானும் சென்ற மாதம் முதல் மாலை 5 மணியிலிருந்து 8 மணி வரை ஒரு மருந்துக் கடையில் நின்று 4,500 ரூபாய் பெறுகிறேன். புதிய வருமானச் சான்று கேட்டுச் சென்றபோது, அனைவரின் சம்பளத்தையும் கூட்டினால் வரம்பைத் தாண்டும் என்று கூறிவிட்டனர். வேலையை விட்டுவிட வேண்டுமா?

ஓய்வு பெற்ற கல்லூரி எழுத்தர்:
தம்பி, வேலையை விட வேண்டியதில்லை. கணக்கைத்தான் சரியாகப் போட வேண்டும். இந்த உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு 2,50,000 ரூபாய். தாய் தந்தையரில் ஒருவரேனும் உயிருடன் இருக்கும்வரை பெற்றோரின் வருமானத்தையே பார்க்க வேண்டும் என்றும், வீட்டில் வேறு எவர் சம்பாதித்தாலும் அதைச் சேர்க்கக் கூடாது என்றும் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறை கூறுகிறது. ஆகவே அக்காவின் சம்பளம் இதில் வராது. பெற்றோர் இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் ஆகிறது. வேலை பார்க்கும் மாணவரின் வருமானத்தைப் பெற்றோருடையதோடு கூட்டிப் பார்க்கும் விதியும் நெறிமுறைகளில் இருந்திருக்கிறது. அப்படியே உங்கள் 54,000 ரூபாயைக் கூட்டினாலும் 2,34,000 ரூபாய்தான். எனவே எதையும் மறைக்காமல், யாருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி, நெறிமுறையின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணைத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். குறைத்துக் காட்டிப் பெற்ற சான்று பின்னாளில் பெருந்தொல்லையாகும்.

பேரணாம்பட்டுத் தாய்:
என் மகளுக்கு வந்த சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், தம்பி. அவள் மாலை வேலைக்குச் சேர்ந்த ஜவுளிக் கடையில், சம்பளத்துக்கென்று வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கச் சொன்னார்கள். அங்கே நீட்டிய படிவத்தில் ஆதார் இணைப்புக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டுவிட்டாள். அரசுப் பணம், ஆதார் கடைசியாக இணைந்த கணக்குக்கே போகும் என்பது எங்களுக்குத் தெரியாது. பழைய பாஸ்புக்கில் மூன்று மாதம் வரவே இல்லாததால், வேலைக்குப் போனதால்தான் உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள் என்று அவள் அழுதாள்; பணமோ புதிய கணக்கில் கிடந்தது. நீங்களும் பார்த்துக் கொள்ளுங்கள். 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயையும் விட்டுவிடாதீர்கள். அதற்கு வருமான வரம்பே கிடையாது.

குடியாத்தம் மாணவர்:
மிக்க நன்றி ஐயா, நன்றி அம்மா. அரசுப் பள்ளியில்தான் படித்தேன். அந்தத் தொகை வருகிறது. கடைக்காரர் இப்போது பிற்பகல் 2 மணிக்கே வந்தால் 7,500 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். போகலாமா?

ஓய்வு பெற்ற கல்லூரி எழுத்தர்:
வேண்டாம், தம்பி. பிற்பகல் வகுப்புகள் போனால் வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும். பிறகு தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். என் பணிக்காலத்தில் சம்பளத்தால் உதவித்தொகையை இழந்தவர்களைவிட, வருகைக் குறைவால் இழந்தவர்களையே அதிகம் பார்த்து வருந்தியிருக்கிறேன். மாலை நேரத்தோடு நிறுத்திக் கொள்ளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவை வாங்க மறுத்தால், திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கி வாருங்கள்.