மா. கிருஷ்ணனின் காட்டுயிர்ப் படங்களை எப்படிப் பார்ப்பது?

காட்டுவழி:
வணக்கம். காட்டுயிர் படம் எடுக்க ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. மூத்தவர்கள் யாரிடம் பேசினாலும் மா. கிருஷ்ணன் பெயரைச் சொல்கிறார்கள். தேடிப் பார்த்தேன், எல்லாம் கறுப்பு வெள்ளை. யானை நிற்கிறது, சுற்றிலும் புதரும் மரமுமாக இருக்கிறது. இன்றைக்குத் தொலைவில் இருப்பதையும் நெருக்கிக் காட்டும் 600 எம்எம் லென்ஸில் இமை முடி வரைக்கும் எடுக்கிறோம், பின்னணியை அப்படியே கரைத்துவிடுகிறோம். குறை சொல்லவில்லை, உண்மையாகவே புரிந்துகொள்ள ஆசை. அவர் படங்களில் எதைப் பார்க்க வேண்டும்? அப்புறம், இதை மட்டும் வைத்து அந்தக் காலத்தில் பிழைக்க முடிந்ததா?

பழைய ஃபிலிம்:
பிழைப்பிலிருந்தே தொடங்குகிறேன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார், பிறகு சட்டமும் படித்தார். 1942இலிருந்து சில வருடம் சந்தூர் சமஸ்தானத்தில் (இன்றைய கர்நாடகத்தில் இருக்கிறது) வேலை: ஆசிரியர், நீதிபதி, மன்னரின் செயலாளர் என்று கிடைத்த பொறுப்பையெல்லாம் பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் சென்னைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு எழுத்து, படம், கோட்டோவியம், இவ்வளவுதான் வருமானம். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இல் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கினார். 1996 பிப்ரவரி 18ஆம் தேதி அவர் இறந்தார், அன்றைய இதழிலும் அவருடைய பத்தி வந்திருந்தது. நாற்பத்தாறு வருடம்! படம் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் இந்த வாழ்க்கை நடந்திருக்காது என்பது என் எண்ணம். எழுத்துதான் அவரைத் தாங்கியது. 1968இல் ஜவாஹர்லால் நேரு ஃபெலோஷிப் கிடைத்தபோது அதை வைத்துத் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி ஆய்வு செய்தார். படம் எடுப்பதும் குறிப்பெடுப்பதும் அவருக்கு ஒரே வேலை.

மூங்கில்புதர்:
படங்களைப் பற்றி நான் சொல்கிறேன். முதுமலையில் அவர் நிறையப் படங்கள் எடுத்தது பழக்கிய யானையின் முதுகில் இருந்துகொண்டு. நடந்து போகிற மனிதனைக் கண்டால் மிரண்டு ஓடும் காட்டெருமையும் மானும், யானை மேல் இருப்பவனை அந்த அளவுக்குப் பொருட்படுத்துவதில்லை, அதனால் நிதானமாக நெருங்கலாம். ஆனால் யானை ஒரு இடத்தில் அசையாமல் நிற்காது, மூச்சு விட்டாலே மேலே இருப்பவரும் ஆடுவார். கையில் இருப்பதோ அதிக வெளிச்சம் கேட்கும், வேகம் குறைந்த ஃபிலிம், பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்து அவரே ஒட்டுப்போட்ட கனமான கேமரா. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார்.

கறுப்பு வெள்ளையை ஏன் விடவில்லை என்பதற்கு, ஒரு கொம்பனின் படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பாருங்கள். நெற்றியில் காய்ந்த சேறு, காது மடலின் ஓரத்துக் கிழிசல், முன்னங்கால் மடிப்புகளில் விழும் நிழல், இவையெல்லாம் வெளிச்சத்தாலும் நிழலாலும் ஆனவை, வண்ணம் இல்லாததால் கண் நேராக அங்கேதான் போகிறது. அதற்காக எடுத்த வண்ணப் படத்தையெல்லாம் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றாதீர்கள், அவர் ஷட்டரை அழுத்தும் முன்பே கறுப்பு வெள்ளையில் யோசித்தவர். பறவைக்கு எனக்கு வண்ணம்தான் பிடிக்கும், அதில் அவரோடு உடன்பட மாட்டேன்.

உண்ணிச்செடி:
இரண்டு பேரும் தொடாத ஒன்று இருக்கிறது. கிருஷ்ணன் தாவரங்களை நன்றாக அறிந்தவர். அவர் பார்வையில் காட்டுயிர் பாதுகாப்பு என்பது புலியையும் யானையையும் மட்டும் காப்பாற்றுவது இல்லை, அந்த மண்ணுக்கே உரிய மரமும் புல்லும் புதரும் சேர்ந்ததுதான். அழகுக்காக வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதை விடாமல் எதிர்த்தார். புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிநடத்தும் குழுவிலும் இருந்தவர், ஆனாலும் அவர் பேச்சு புலியோடு நின்றதில்லை.

இதை இன்றைய முதுமலையில் வைத்துப் பாருங்கள். மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் மரத்தின் கீழே புள்ளிமான், அல்லது யானை. எவ்வளவு அழகு என்று பகிர்கிறோம். அது சென்னா ஸ்பெக்டாபிலிஸ், அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகு மரமாக வந்தது, இப்போது அதன் அடியில் புல்கூட ஒழுங்காக முளைப்பதில்லை என்று வனத்துறை வேரோடு அகற்றிக்கொண்டிருக்கிறது. உண்ணிச்செடியும் (லன்டானா) இப்படித்தான் வந்தது. பின்னணியைக் கரைத்து எடுத்தால் இது எதுவுமே படத்தில் இருக்காது, மஞ்சள் நிறக் கறையாக மட்டும் தெரியும். யானை என்ன தின்கிறது, எதைத் தின்ன முடியாமல் தாண்டிப் போகிறது என்று காட்டுகிற படம் பத்து வருடம் கழித்துக்கூட ஒரு ஆய்வாளருக்கு உதவும். கிருஷ்ணன் படங்களில் புதரும் மரமுமாக இருக்கிறது என்றீர்களே, அதை ஒதுக்காமல் பாருங்கள், என்ன மரம் என்று கேளுங்கள்.

காட்டுவழி:
நன்றி, இப்படி யோசித்ததே இல்லை. தமிழில் அவர் எழுதியது கிடைக்குமா? இன்னொன்று, இப்போது கூடு கட்டும் பருவம், கூட்டுப் படம் எடுக்கலாமா?

மூங்கில்புதர்:
சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' வாங்குங்கள், கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள் அதில் இருக்கின்றன. கூட்டுப் படம் வேண்டாம். மறைத்து நிற்கும் இலையை ஒதுக்கினாலே வெயில் நேராகக் குஞ்சின் மேல் விழும், நீங்கள் போன தடத்தைப் பார்த்துக் காக்கை வரும். தாய்ப்பறவை பயந்து திரும்பாமலே போய்விடுவதும் உண்டு. ஒலிபெருக்கியில் பறவையின் குரலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டாம். அப்புறம், படத்தைப் பகிரும்போது இடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுங்கள்.

உண்ணிச்செடி:
அதோடு உங்கள் அடுத்த படத்தை இங்கே போடும்போது விலங்கின் பெயரோடு அது நிற்கிற இடத்துச் செடியின் பெயரையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள், அடையாளம் கண்டு சொல்ல நாங்கள் இருக்கிறோம்.