புதுப் பந்து துள்ளவே மாட்டேன் என்கிறது, அவசரம்

வலதுவிங்கர்
வணக்கம். பசங்களுக்குப் புதுப் பந்து வாங்கினேன், நம்பர் 4. எவ்வளவு காற்று அடித்தாலும் துள்ளல் வரவில்லை. சிமெண்ட் தரையில் போட்டால் முழங்கால் உயரத்தோடு சரி, அப்புறம் படுத்துவிடுகிறது. அமுக்கினால் கல்லு மாதிரிதான் இருக்கிறது. கடைக்காரர் "ஆட ஆட சரியாகிடும்" என்கிறார். ஞாயிறு மேட்ச். யாராவது சொல்லுங்கள், ப்ளீஸ்.

சந்தேகசாமி
எந்த விளையாட்டுப் பந்து? பசங்களுக்கு என்ன வயது? காற்று எவ்வளவு, கேஜ் வைத்துப் பார்த்தீர்களா? பந்து மேல் என்ன எழுதியிருக்கிறது?

பம்ப்பாண்டி
வால்வுதான், சந்தேகமே வேண்டாம். ஊசியை நனைக்காமல் காய்ந்தபடியே குத்தினால் வால்வு கிழியும், காற்று கசியும். இரண்டு சொட்டு கிளிசரின் விட்டுக் குத்த வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வரும்.

கடற்கரைஐந்து
பாண்டி அண்ணே, பந்து கல்லு மாதிரி இருக்கிறது என்கிறார், காற்று கசிந்தால் எப்படிக் கல்லாக இருக்கும்? என் கணக்கு பிளாடர், அதாவது உள்ளே காற்று நிற்கும் ரப்பர் பை. மலிவான பந்தில் பிளாடரே கனமாகப் போட்டுவிடுகிறார்கள்.

பம்ப்பாண்டி
அடித்த உடனே கல்லாகத்தான் இருக்கும் தம்பி, காலையில் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் லேட்டக்ஸ் பிளாடர் என்றால் ஓட்டையே இல்லாமலும் சில நாளில் இறங்கும். பியூட்டில் ரப்பர்தான் தாங்கும்.

ரூல்புக்ராஜா
இந்த இழையில் பழைய பதிவுகளைத் தேடும் பழக்கமே யாருக்கும் கிடையாது போல. கால்பந்து விதி 2, "பந்து". சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம், அழுத்தம் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ. வால்வுக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள், கண் இருப்பவர்கள் படிக்கலாம். டயர் கடையில் போய் பைக் டயருக்கு அடிக்கிற மாதிரி அடித்திருப்பார், தையல் விட்டிருக்கும்.

சந்தேகசாமி
ராஜா சார், நீங்கள் சொன்னது 5-ஆம் நம்பருக்கு. அவர் கேட்பது 4. அதோடு அது கால்பந்து என்றே அவர் இன்னும் சொல்லவில்லை, பெயரில் விங்கர் என்று இருக்கிறது, அவ்வளவுதான். ஹேண்ட்பாலில் ஆண்களுக்கான பெரிய பந்துக்கே நம்பர் 3, சுற்றளவு 58 முதல் 60 செ.மீ. பாஸ்கெட்பாலில் 7. வாலிபால் 5 என்றால் 65 முதல் 67, கால்பந்து 5-ஐ விடச் சின்னது. வெறும் நம்பரை வைத்து என்ன சொல்வது?

ரூல்புக்ராஜா
கூடைப்பந்து என்று எழுதலாமே. பெண்களுக்கு 6 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பாதித் தகவல் ஆபத்து.

ஆறாம்நம்பர்
நானே ஆடுகிறவள், 6-தான். ஆனால் அணிக்கு மூன்று பேர் ஆடும் 3x3 கூடைப்பந்தில் ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே பந்து சார், அளவு 6, எடை மட்டும் 7-க்கு உரியது. கால்பந்தில் பெண்களுக்கும் அதே 5-தான். கிரிக்கெட்டில் பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம், ஆண்கள் பந்து 155.9-இல் தொடங்குகிறது. ஆளாளுக்கு ஒரு நியாயம்.

கடற்கரைஐந்து
கால்பந்திலும் பெண்களுக்குக் கொஞ்சம் சின்னதாக வைக்கலாம் என்பதே என் கருத்து.

ஆறாம்நம்பர்
ஏன்? உங்களிடம் யாராவது கேட்டார்களா? கோல்போஸ்ட்டையும் சின்னதாக்குவீர்களா?

கடற்கரைஐந்து
கோபப்படாதீர்கள் அக்கா, கையில் பிடிக்கிற ஆட்டத்துக்கு மட்டும் சின்னதாக்குகிறார்களே, காலுக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்டேன். இதற்குத் தனி இழை போடுகிறேன்.

டர்ஃப்தம்பி
இழை எங்கேயோ போய்விட்டது. விங்கர் அண்ணா, பந்தைத் திருப்பி ஓரத்தில் சின்ன எழுத்தில் ஃபுட்சால் அல்லது சாலா என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பந்தில் கோளாறே இல்லை, அது உள்ளரங்கில் அணிக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்துக்கானது, அதிகம் துள்ளாமல் இருப்பதற்காகவே செய்தது. ஃபுட்சால் பந்தும் நம்பர் 4-தான், சுற்றளவு 62 முதல் 64 செ.மீ. ஆனால் 2 மீட்டரிலிருந்து போட்டால் முதல் துள்ளல் 50 முதல் 65 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதே அதன் விதி. நீங்கள் சொன்ன முழங்கால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. சிறுவர் கால்பந்து 4 என்றால் 63.5 முதல் 66 செ.மீ., எடை 350 முதல் 390 கிராம். ஃபுட்சால் பந்து 400 முதல் 440, அளவில் சின்னது, எடையில் அதிகம். மளிகைக் கடைத் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும். இன்னும் காற்று அடிக்காதீர்கள், அழுத்தம் 0.9 பாருக்கு மேல் போகக் கூடாது.

பம்ப்பாண்டி
எதற்கும் கிளிசரின் விட்டுப் பாருங்கள்.

ரூல்புக்ராஜா
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன், அச்சைப் படியுங்கள் என்று.

சந்தேகசாமி
சார், நீங்கள் சொன்னது டயர் கடை.

வலதுவிங்கர்
சாலா என்றுதான் இருக்கிறது, பார்கோடுக்குக் கீழே. எடை 425. பசங்க 12 வயதுக்குள். கடையில் மாற்றிக் கொடுத்தார்கள், 80 ரூபாய் கூட வாங்கிக்கொண்டார்கள். இது நன்றாகத் துள்ளுகிறது. நன்றி டர்ஃப்தம்பி.

டர்ஃப்தம்பி
அடடா, மாற்றிவிட்டீர்களா? எங்கள் டர்ஃபுக்கு அப்படி ஒரு பந்து தேடிக்கொண்டிருந்தேன். எந்தக் கடை அண்ணா?